ஆள்காட்டியின் கால்மண்

காட்டின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. கோடையில் அந்த வட்டாரத்திலேயே தண்ணீர் உள்ள இடம் அது ஒன்றுதான். அந்த ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி செய்தி சொல்லி வந்தது.

செய்தி சொல்வதற்கு அது ஒரு முறை வைத்திருந்தது. எங்கே என்ன நடந்தாலும் பறந்து போய் அந்த இடத்தில் இறங்கும். நடந்து பார்க்கும். மறுநாள் காலையில் எல்லா மிருகங்களும் தண்ணீர் குடிக்க வரும்போது, கரையில் உள்ள தட்டைக்கல்லில் ஏறி நிற்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் காலைத் தூக்கிக் காட்டும்.

ஆள்காட்டிக்கு நீளமான மஞ்சள் கால். அதில் ஒட்டியிருக்கும் மண் பளிச்சென்று தெரியும். கிழக்குக் குன்று என்றால் செம்மண். மேற்குச் சதுப்பு என்றால் கரிய சேறு. வடக்கு ஓடை என்றால் வெள்ளை மணல்.

"மண்ணைப் பார்த்தாச்சு. இப்ப சொல்லு" என்று மான்கள் சொன்ன பிறகுதான் அது பேசும். வெறுங்காலோடு அது ஒருநாளும் அந்தக் கல்லில் ஏறியதில்லை.

இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையா? செய்தி தாமதமாகத்தான் வரும். "சிறுத்தை வந்தது" என்று ஆள்காட்டி மண்ணோடு வந்து சொல்லும்போது, சிறுத்தை சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போயிருக்கும்.

போன கோடையில் கிழக்குக் குன்றில் புல் தீப்பிடித்தது. அதை முதலில் பார்த்தது ஒரு கரிச்சான் குருவி. கன்னங்கரேல் என்ற உடம்பு, பிளந்த வால், காட்டின் மறுகோடிக்கும் கேட்கிற குரல்.

"நெருப்பு! கிழக்கே நெருப்பு!"

அதன் பங்காளிகள் ஆறு மரங்களில் இருந்தன. ஒன்று கத்தியதை அடுத்தது கத்தியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் செய்தி காடு முழுக்கப் போய்விட்டது. மான் கூட்டம் பாய்ந்து போய் ஏரிக்குள் இறங்கித் தப்பித்தது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. எல்லோரும் கரிச்சானைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் கரிச்சான் அன்றைக்கு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. அத்தனை மான்கள் ஒரே நேரத்தில் ஓடினால் புல்லுக்குள் பதுங்கியிருக்கும் வெட்டுக்கிளியும் விட்டிலும் தத்தளித்து மேலே கிளம்பும். தேடவே வேண்டாம். வாயைத் திறந்துகொண்டு பறந்தால் போதும். அன்று அது தின்ற அளவுக்குப் பிறந்ததிலிருந்து தின்றதில்லை.

அதன் பிறகு காட்டில் செய்திகள் அதிகமாகிவிட்டன.

"செந்நாய் வருது!"

"புதருக்குள்ள பாம்பு!"

"வடக்கே ஏதோ அசையுது, கேட்டவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க!"

முழுப்பொய் என்று எதையும் பிடித்துவிட முடியாது. நரி வந்தால் செந்நாய் என்று சொல்லும். ஒன்று வந்தால் கூட்டம் என்று சொல்லும். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் மான்கள் ஓடின. ஒவ்வொரு தடவையும் கரிச்சான்கள் வயிறு நிறையத் தின்றன.

மான்களுக்கும் இது பிடித்துப்போனது. ஓடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லவேளை, தப்பிச்சோம்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. எதிலிருந்து தப்பித்தோம் என்று கேட்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டது. ஏரிக்கரைப் புற்றில் குடியிருந்த கீரி. அது காரணம் தெரியாமல் தலையைக்கூட ஆட்டாது.

"செந்நாய் எத்தனை?" என்று கரிச்சானைக் கேட்கும்.

"நிறைய."

"நீ எந்த மரத்திலேருந்து பார்த்தே?"

"பார்த்தவங்க சொன்னாங்க."

"பார்த்தவங்கன்னா யாரு?"

"உனக்கு ஓடத் தெரியலைன்னா ஓரமா நில்லு. சும்மா நோண்டாதே" என்று கரிச்சான் சொல்லும். மான்கள் சிரிக்கும்.

தட்டைக்கல்லின் பக்கம் கூட்டம் குறைந்தது. ஆள்காட்டி காலைத் தூக்கிக் காட்டினால் பார்க்க ஆள் இல்லை. மான் கூட்டத்தை முன்னால் நின்று நடத்தும் பெண்மானை எல்லோரும் முன்னத்தி என்று கூப்பிடுவார்கள். அந்த முன்னத்தியே ஒருநாள் தண்ணீரிலிருந்து வாயை எடுக்காமல் சொன்னது:

"அக்கா, இது நேத்தே கேட்டாச்சு."

"நேத்து நீ கேட்டது செந்நாய்க் கூட்டம். வந்தது ஒத்தை நரி" என்றது ஆள்காட்டி.

"அதான் ஓடிட்டு வந்துட்டோமே. இனிமே அது நரியா இருந்தா என்ன, நாயா இருந்தா என்ன?"

ஆள்காட்டிக்குக் கோபம் வந்தது. ஆனால் அப்போது அதற்கு வேறொரு கவலை இருந்தது. ஏரிக்கரைச் சரளைக்கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கல்லின் நிறம், கல்லின் புள்ளி. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் முட்டை என்று தெரியாது. பருந்துக்குத் தெரியாமல் இருப்பது நல்லதுதான். ஓடுகிற மானுக்கும் தெரியாதே! மான்கள் ஓடும் வழி அந்தச் சரளையின் மேல்தான் போனது.

கூட்டம் ஓடி வரும்போதெல்லாம் ஆள்காட்டி முட்டைகளுக்கு முன்னால் சிறகை விரித்துக்கொண்டு நின்று கத்தும். மான்கள் இரண்டாகப் பிரிந்து ஓடும். இதுவரை பிரிந்துதான் ஓடின.

"ஓடுறப்ப கொஞ்சம் மேற்கே தள்ளி ஓடக்கூடாதா?" என்று அது முன்னத்தியிடம் கேட்டுப் பார்த்தது.

"ஓடுறப்ப யோசிக்க முடியுமா அக்கா? யோசிச்சா எப்படி ஓடுறது?" என்றது முன்னத்தி. அது உண்மையாகவே கேட்டது.

ஒருநாள் உச்சி வெயிலில் கரிச்சான் கத்தியது. "வடக்கு ஓடையில செந்நாய்க் கூட்டம்! இந்தப் பக்கம்தான் வருது!"

மான்கள் ஓடின. ஆள்காட்டி சிறகை விரித்து நின்றது. கூட்டம் பிரிந்து, தாண்டிப் போய்விட்டது. முட்டை நான்கும் பத்திரம். ஓடி முடித்துவிட்டார்கள், இனி சாயங்காலம் வரைக்கும் ஓட மாட்டார்கள் என்று ஆள்காட்டி நினைத்தது. யாராவது ஒன்றைச் சொன்னால் அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க அதனால் முடியாது. வடக்கே பறந்தது.

வறண்டு கிடந்த ஓடையில் ஒரு நொண்டி நரி நின்றுகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. ஆள்காட்டி மணலில் இறங்கி இரண்டு கரையிலும் நடந்து பார்த்தது. நரியின் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை.

"செந்நாய் எங்கே?" என்று நரியைக் கேட்டது.

"எந்தச் செந்நாய்? அந்தச் சத்தத்தைக் கேட்டு நானே பயந்துபோய் நிக்கிறேன்" என்றது நரி.

இங்கே ஏரிக்கரையில் கரிச்சானுக்கு இன்னும் பசி அடங்கவில்லை. "மேற்கேயும் வருது!" என்று இன்னொரு குரல் கொடுத்தது. கூட்டம் திரும்பி, வந்த வழியே ஓடியது. இந்தத் தடவை சரளையில் சிறகை விரித்து நிற்க யாரும் இல்லை.

ஆள்காட்டி திரும்பி வரும் வழியில் முதல் மரத்திலேயே செய்தி கேட்டது.

"ஆள்காட்டி முட்டையைக் கீரி தின்னுடுச்சு!"

மூன்றாவது மரத்தில் கீரி நான்கு முட்டையையும் தின்றிருந்தது. ஐந்தாவது மரத்தில், "அடுத்தது மான்குட்டிதான்!" ஆள்காட்டி ஆறாவது மரத்துக்குக் காது கொடுக்கவில்லை. நேராகப் பறந்து ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது.

மான் கூட்டம் புற்றைச் சுற்றி நின்றது. நடுவில் கீரி. ரோமம் சிலிர்த்து இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கொம்புள்ள ஆண்மான்கள் தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணைக் கிளறின. கிளறிய மண்ணிலிருந்து பூச்சிகள் பறந்தன. பயந்து ஓடினாலும் கோபத்தில் மிதித்தாலும் பூச்சிக்கு வித்தியாசம் தெரியாது. கரிச்சான்கள் தாழ்வாகப் பறந்து கவ்விக்கொண்டிருந்தன.

"பொழுது சாயறதுக்குள்ள நீ இந்த ஏரியை விட்டுப் போயிடணும்" என்றது முன்னத்தி.

அடுத்த தண்ணீருக்கு இரண்டு நாள் நடக்க வேண்டும். அந்த வெயிலில் ஒரு கீரியால் இரண்டு நாள் நடக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரியும்.

ஆள்காட்டியைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. "அக்கா, கல்லுல ஏறு. நீயே சொல்லு. உன் முட்டைதானே!" என்றது முன்னத்தி.

ஆள்காட்டி தட்டைக்கல்லில் ஏறியது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அதையே பார்த்தார்கள். இப்படிக் கேட்க ஆள் நின்று எத்தனை மாதம் ஆகிவிட்டது! ஒரு வார்த்தை போதும். "ஆமாம், கீரிதான்" என்று சொன்னால், நாளையிலிருந்து கல்லைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதற்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. கீரி முட்டை தின்கிற ஜாதிதானே?

பழக்கத்தில் அது காலைத் தூக்கியது. தூக்கியதும் அதுவே பார்த்துவிட்டது. காலில் இருந்தது வெள்ளை மணல். வடக்கு ஓடை மணல். தன் முட்டை இருந்த சரளையின் தூசு ஒரு துளிகூட அதில் இல்லை.

காலைக் கீழே வைத்தது.

"நான் இன்னும் பார்க்கலை" என்றது.

"என்ன அக்கா, உன் வீட்டு விஷயத்துக்குமா மண்ணு?"

"என் வீட்டு விஷயத்துக்குத்தான் முதல்ல."

"பொழுது போகுது! இனிமே பார்க்க என்ன இருக்கு? காடே பேசுது!" என்று கத்தியது கரிச்சான்.

ஆள்காட்டி கல்லிலிருந்து இறங்கிச் சரளையை நோக்கி நடந்தது. "நானும் வரேன்" என்றது கீரி. இரண்டு ஆண்மான்கள் காவலுக்குக் கூடவே வந்தன.

"நான் தின்னலை" என்றது கீரி நடந்துகொண்டே.

"நீ முட்டை திங்கிறவ இல்லையா?"

"தின்பேன். போன மாசம் காடை முட்டை ரெண்டு தின்னேன். நல்லாவும் இருந்தது. இன்னைக்கு உன் முட்டையைத் தின்னலை. ரெண்டும் வேற வேற விஷயம் இல்லையா?"

ஆள்காட்டி நடையை எட்டிப் போட்டது.

"அப்புறம் ஏன் உன் பேரைச் சொல்றாங்க? சரளைக்கு வந்தியா?" என்று கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டது.

"கூட்டம் ஒரே வழியில ரெண்டு தரம் ஓடுச்சு. முதல்ல தெற்கே ஓடுனாங்க, அப்புறம் வடக்கே ஓடுனாங்க. செந்நாய் வடக்கேன்னா ஏன் வடக்கே ஓடணும்னு பார்க்க வந்தேன். அதைக் கரிச்சான் பார்த்துடுச்சு."

சரளைக்கு வந்தார்கள். முட்டைகள் மூன்று அப்படியே இருந்தன. நான்காவது உடைந்திருந்தது. ஆள்காட்டி அந்த இடத்தை மிதித்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் அது செய்திக் குருவியாக இல்லை. வெறும் தாயாகத்தான் நின்றது.

பிறகு குனிந்து பார்த்தது. ஓடு சரளைக்குள் தட்டையாக அழுந்திப் போயிருந்தது. மஞ்சள் கரு கல்லுக்கு நடுவே கசிந்து காய ஆரம்பித்திருந்தது.

"நீ எப்படி முட்டை உடைப்பே?" என்று கேட்டது.

"கல்லுக்கு முதுகைக் காட்டி நின்னு, பின்னங்கால் இடுக்கு வழியா வீசி உடைப்பேன். உடைச்சா நக்காம விடமாட்டேன். இப்படி மிதிச்சு மண்ணுக்கு ஊட்டிவிடற பழக்கம் எங்க வம்சத்துலயே இல்லை" என்றது கீரி. "அதோட, ஒண்ணைத் தின்னுட்டு மூணை விட்டுட்டுப் போற அளவுக்கு நான் நல்லவளும் இல்லை."

காவலுக்கு வந்த மான் ஒன்று சிரித்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டது.

ஆள்காட்டி திரும்பி வந்து கல்லில் ஏறியது. காலைத் தூக்கிக் காட்டியது. மஞ்சள் காலில் சரளைத் தூசும், அதன் மேல் காய்ந்த மஞ்சள் கருவும் ஒட்டியிருந்தன.

"பார்த்தாச்சு" என்றது கூட்டம், மெதுவாக.

"முட்டை நாலுல மூணு பத்திரமா இருக்கு. ஒண்ணு உடைஞ்சிருக்கு. யாரும் தின்னு உடைக்கலை, மிதிபட்டு உடைஞ்சிருக்கு" என்றது ஆள்காட்டி. "இத்தனை நாளா நான் கால் காட்டினேன், நீங்க பார்த்தீங்க. இன்னைக்கு நீங்க காட்டுங்க."

"எங்க காலையா?" என்றது முன்னத்தி. "சரி, பார்த்துக்கோ. எனக்கென்ன பயம்!"

வலது முன்காலைத் தூக்கியது. குளம்பின் பிளவுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. அதில் நகக்கண் அளவுக்கு ஓர் ஓட்டுத்துண்டு. சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி.

முன்னத்தி காலைத் தூக்கியபடியே நின்றது. கீழே வைக்க மறந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றது. "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும்" என்றது ஆள்காட்டி. "தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

அப்போது கீரி கேட்டது. "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கோடை முழுக்க ஓடியிருக்கீங்க. ஓடுனதுல யாராவது ஒரு வேளை கூடுதலா மேய்ஞ்சீங்களா?"

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எல்லோருக்கும் விலா எலும்பு தெரிந்தது.

"அப்ப இவ்வளவு ஓட்டத்துக்கும் யார் குண்டானாங்க?"

ஒரு தலை நிமிர்ந்தது. அப்புறம் இன்னொரு தலை. கடைசியில் அத்தனை மான்களும் கிளையில் இருந்த கரிச்சானைப் பார்த்தன. அதன் வயிறு உருண்டு திரண்டு இருந்தது.

கரிச்சான் கிளையில் நகர்ந்து உட்கார்ந்தது. பிறகு உச்சக் குரலில் கத்தியது.

"சிறுத்தை! கிழக்குப் புதர்ல சிறுத்தை!"

ஆறு மரங்களும் கத்தின. "சிறுத்தை! சிறுத்தை!"

மான்களின் கால்கள் தாமாகவே துடித்தன. ஒரு குட்டி பாய்ந்தேவிட்டது. அதன் தாய் குறுக்கே நின்று மறித்தது.

"நில்லுங்க!" என்றது முன்னத்தி. "யாரும் ஓடாதீங்க. தலையைத் தூக்கிக் கிழக்கே பாருங்க. கரிச்சானே, யார் பார்த்தது?"

"எல்லாரும் சொல்றாங்க!"

"நீ பார்த்தியா?"

கரிச்சான் வேறு கிளைக்குத் தாவியது. கீரி புற்றின் உச்சியில் ஏறிப் பின்னங்காலில் நின்று பார்த்தது. ஆள்காட்டி எழும்பிக் கிழக்குப் புதரின் மேல் ஒரு வட்டம் போட்டது. நின்ற மான்களுக்கு அந்த ஒரு வட்டம் ஒரு வருஷம் போல இருந்தது.

"புதர்ல யாரும் இல்லை!" என்று மேலிருந்தே குரல் கொடுத்தது ஆள்காட்டி. "புதருக்குப் பின்னாடி பள்ளம் இருக்கு. அதை இன்னும் பார்க்கலை. இருங்க." தாழ்ந்து பறந்து பார்த்தது. "பள்ளத்துலயும் இல்லை!"

கூட்டம் மூச்சு விட்டது. அறுபது மான்கள் அசையாமல் நின்ற புல்லிலிருந்து ஒரு வெட்டுக்கிளிகூடக் கிளம்பவில்லை. கரிச்சான் பழக்கத்தில் ஒரு தடவை கீழே பாய்ந்தது. வெறும் வாயோடு கிளைக்குத் திரும்பியது.

"நன்றி கெட்டவங்க!" என்று கத்தியது. "நெருப்பு வந்தப்ப யார் காப்பாத்துனது? இந்தக் குருவி மண்ணை அப்பிக்கிட்டு வர்ற வரைக்கும் நின்னிருந்தா எல்லாரும் சாம்பல்!"

அது சொன்னது உண்மை.

"சரிதான்" என்றது கீரி. "நீ கேட்டது நியாயமான கேள்வி. அன்னைக்கு நீ நெருப்பைப் பார்த்துக் கத்துனே. இப்ப எங்க காலைப் பார்த்துக் கத்துறே. குரல் அதேதான். கண்ணுதான் மாறிப்போச்சு." பிறகு ஆள்காட்டியின் பக்கம் திரும்பியது. "உன்னையும் விடமாட்டேன். பார்த்ததை மறுநாள் காலை வரைக்கும் எதுக்குப் பொத்தி வச்சிருந்தே? இப்ப மேலேருந்து சொன்னியே, 'இதைப் பார்த்தேன், அதை இன்னும் பார்க்கலை'ன்னு. அதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

ஆள்காட்டிக்குச் சுருக்கென்றது. "கல்லுல ஏறிச் சொன்னாத்தான் மரியாதைன்னு நினைச்சேன்" என்றது.

"உன் மரியாதைக்காகச் சிறுத்தை காத்திருக்காது."

அன்றிலிருந்து அந்த ஏரிக்கரையில் பழக்கம் மாறியது. ஆள்காட்டி பறந்துகொண்டே செய்தி சொல்கிறது. பார்த்தது எது, பார்க்காதது எது என்று பிரித்துச் சொல்கிறது. பிறகு இறங்கிப் பார்த்துவிட்டு வந்து காலைக் காட்டுகிறது. கரிச்சான்களும் கத்துகின்றன. யாரும் அவற்றைத் துரத்தவில்லை. ஆனால் கத்தினால் மான்கள் முதலில் தலையைத் தூக்கி நின்று, "எந்த மரத்திலேருந்து பார்த்தே?" என்று கேட்கின்றன. பதில் இருந்தால் ஓடுகின்றன. இரண்டு தடவை பதில் இருந்தது. இரண்டு தடவையும் பிழைத்தார்கள். மற்ற நேரங்களில் கரிச்சான்கள் மேய்கிற மானின் பின்னால் பறந்து, அதன் காலடியில் கிளம்புகிற நாலு பூச்சியைத் தின்று பிழைக்கின்றன. மெலிந்துதான் போய்விட்டன. ஆனால் பறப்பதற்கு அதுதான் சரியான உடம்பு.

முட்டை மூன்றும் பொரிந்தன. குஞ்சுகளோடு ஆள்காட்டி கரையில் நடக்கும்போது கீரி தண்ணீர் குடிக்க வந்தது.

"உனக்கு நல்லது செஞ்சதா நினைச்சுக்காதே" என்றது ஆள்காட்டி, குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு. "பார்த்ததைச் சொன்னேன். நாளைக்கு நீ என் முட்டையைத் தின்னா அதையும் சொல்வேன்."

"சொல்லு. முதல்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்லு" என்றது கீரி.

ஒரு செய்தி நம்மை ஓடச் சொன்னால், ஓடுவதற்கு முன்னால் சொன்னவரின் காலில் மண் இருக்கிறதா என்றும், நம் ஓட்டத்தில் யாருக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்றும், நம் காலடியில் யார் வீட்டு முட்டை இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும்.